லீசலோட்டே: அத்தைக்கும் தங்கைக்கும் ஓயாமல் கடிதம் எழுதியவர்

'ஜெர்மானிய அரச குடும்பப் பெண்களில் உங்கள் மனதை விட்டு நீங்காதவர் யார், ஏன்?' என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு லீசலோட்டே. முழுப் பெயர் எலிசபெத் ஷார்லோட்டே. 1652இல் ஹைடல்பெர்க்கில் பிறந்தவர், பாலட்டினேட் என்ற ஜெர்மானிய நாட்டை ஆண்ட கார்ல் லூட்விக்கின் மகள்.

ஹைடல்பெர்க் கோட்டையில் வெடிவைத்துப் பிளந்த கோபுரம் ஒன்று இருக்கிறது. சுவரின் பெரிய பாளம் சிதறாமல் அப்படியே சரிந்து அகழிப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது. அதன் எதிரே நின்றபோதுதான் இவருடைய கதை எனக்கு உறைத்தது. அதைத் தகர்த்தது பிரெஞ்சுப் படை. அனுப்பியவர் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, லீசலோட்டேயின் கணவருக்கு அண்ணன்.

நாட்டுக்குப் பாதுகாப்பாக இருக்கும் என்று நம்பித்தான் அப்பா 1671இல் அந்தச் சம்பந்தத்தைச் செய்தார். பத்தொன்பது வயதுப் பெண் மதம் மாறி, லூயியின் தம்பி பிலிப்புக்கு இரண்டாம் தாரமாகப் போனார். 1685இல் லீசலோட்டேயின் அண்ணன் வாரிசில்லாமல் இறந்ததும், தம்பி மனைவிக்குப் பங்கு வேண்டும் என்று லூயி கிளம்பிவிட்டார். நாட்டின் மீது உரிமை கோர மாட்டேன் என்று திருமண ஒப்பந்தத்திலேயே எழுதியாயிற்று, அது எடுபடவில்லை. 1689இல் மன்ஹைம் தரைமட்டமானது. ஹைடல்பெர்க்குக்கு அந்த ஆண்டு ஒரு முறை, 1693இல் இன்னொரு முறை தீ வைத்தார்கள். எல்லாம் இவர் பெயரைச் சொல்லி. கண்ணை மூடினால் எரிந்த ஊர்தான் தெரிகிறது, திடுக்கிட்டு எழுந்தால் அப்புறம் தூக்கமே வருவதில்லை என்று அத்தை சோஃபிக்கு எழுதினார். வெர்சாயில் அதே மைத்துனரின் அரண்மனையில்தான் அவர் தினமும் நடமாட வேண்டியிருந்தது.

அந்த அத்தைதான் அவருக்கு அம்மா மாதிரி. அப்பா, அம்மாவை ஒதுக்கிவிட்டு லூயிஸ ஃபான் டெகன்ஃபெல்ட் என்ற பெண்ணுடன் வாழத் தொடங்கிய காலத்தில், ஏழு வயதுச் சிறுமியை ஹனோவருக்கு அத்தையிடம் அனுப்பிவைத்தார்கள். அங்கே இருந்த நான்கு வருடங்கள்தான் தன் வாழ்வின் நல்ல காலம் என்று கடைசிவரை நினைத்தார். அப்பாவுக்கு அந்தப் பெண்ணிடம் பதின்மூன்று பிள்ளைகள். அம்மாவின் இடத்தைப் பிடித்தவள் பெற்ற பிள்ளைகள் என்று லீசலோட்டே அவர்களை ஒதுக்கவே இல்லை. என்னை இவரிடம் கட்டிப்போட்டது இதுதான். அவர்களில் ஒரு தங்கையின் பெயரும் லூயிஸ. கடைசிவரை கடிதம் போனது அவருக்குத்தான்.

கிழமை வைத்துக்கொண்டு எழுதுவார். ஞாயிறும் வியாழனும் ஹனோவருக்கு, செவ்வாயும் வெள்ளியும் லொரேனில் வாழ்க்கைப்பட்ட மகளுக்கு. அரசரின் ஆட்கள் உறையைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்று தெரிந்தும் நிறுத்தவில்லை. சாவர்கிராவுட் என்கிற புளித்த முட்டைக்கோஸுக்கு ஏங்குவதும் அதில் இருக்கும், காப்பி புகைக்கரி போல இருக்கிறது என்று திட்டுவதும் இருக்கும். கிடைத்திருப்பவையே சில ஆயிரம் கடிதங்கள்.

பெற்றது மூன்று. முதல் மகன் மூன்று வயது முடியும் முன்பே போய்விட்டான். அடுத்தவர் பிலிப், பின்னாளில் சிறுவன் பதினைந்தாம் லூயிக்காக பிரான்சை ஆண்டவர். அவர் 1692இல் பதினான்காம் லூயியின் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகளைக் கட்டச் சம்மதித்தபோது, அரசவையார் பார்க்க லீசலோட்டே அவரைக் கன்னத்தில் அறைந்தார் என்று அக்காலத்தவர் எழுதிவைத்திருக்கிறார்கள். மகள் வயிற்றுப் பேரன் ஃபிரான்ஸ், ஆஸ்திரியாவின் மரியா தெரேசாவின் கணவர். அந்த வழியில் மரி அன்த்துவானெத் இவருக்குக் கொள்ளுப்பேத்தி.

சோஃபி அத்தை 1714இல் இறந்தார். அதே ஆண்டு அவருடைய மகன் ஜார்ஜ் இங்கிலாந்து மன்னரானார். 1722 அக்டோபரில் ரேம்ஸ் நகரில் பதினைந்தாம் லூயியின் முடிசூட்டு விழா. லீசலோட்டேவுக்கு உடம்பு மிகவும் முடியாமல் இருந்தது. ஆனாலும் கிளம்பினார், மகளும் லொரேன் பேரப்பிள்ளைகளும் அங்கே வருகிறார்கள் என்பதற்காக. பார்த்துவிட்டுத் திரும்பியவர் டிசம்பர் 8 அன்று சாங் க்ளூவில் காலமானார்.