முதலீட்டுக்கு வீடு, மனை வாங்குவோர் கேட்ட கேள்விகள்

கேள்வி: மயிலாப்பூரில் ஒரு தனி வீட்டை வாங்கி வாடகைக்கு விட எண்ணுகிறேன். 30 ஆண்டு வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லை. இதுவே போதும் என்கிறார் தரகர். போதுமா?

பதில்: போதாது. வில்லங்கச் சான்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானவற்றை மட்டுமே காட்டும். பதிவு செய்யப்படாத உயிலோ, உரிமையாளர் இறந்ததால் வாரிசுகளுக்குச் சேர்ந்த பங்கோ, நிலுவையில் உள்ள வழக்கோ பெரும்பாலும் அதில் வருவதில்லை. இந்துக் குடும்பத்தில் தந்தை உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவருடைய தனிச் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், உயிருடன் இருந்தால் அவருடைய தாய் ஆகிய அனைவருக்கும் பங்கு உண்டு. "பெண்ணுக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செய்தாகிவிட்டது" என்று விற்பவர் சொல்வது சட்டத்தின் முன் நிற்காது. அந்த மகளும் கிரயப்பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுத்து அவர் எழுதிப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கும் ஒப்பந்தம் தமிழ்நாட்டில் கட்டாயப் பதிவுக்குள் வந்தது 2012 டிசம்பர் 1 முதல்தான். அதற்கு முந்தைய அடமானம் வில்லங்கச் சான்றில் இல்லாமலே இருக்கலாம். ஆகவே ஜெராக்ஸைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். மூலப்பத்திரத்தின் அசலைக் கையில் வாங்கி, தாளின் பின்புறத்தைத் திருப்பி, சார்பதிவாளரின் முத்திரை, ஆவண எண், பெருவிரல் ரேகை ஆகியவற்றை நிதானமாகப் பாருங்கள். நாளை உங்களிடம் வாங்க வருபவரின் வழக்கறிஞர் கேட்கப் போகும் கேள்விகளை இன்றே நீங்கள் கேட்டுவிடுவதுதான் முதலீட்டுக்குப் பாதுகாப்பு.

கேள்வி: திருவான்மியூரில் கடற்கரைக்கு அருகே, முப்பது ஆண்டுகளைக் கடந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு பிளாட் மலிவாக வருகிறது. விரைவில் இடித்துக் கட்டப் போகிறார்கள் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இங்கே நீங்கள் வாங்குவது, உண்மையில், சுவர்களைவிட மண்ணைத்தான். எனவே பத்திரத்தில் பிரிக்கப்படாத பாகம், அதாவது மொத்த நிலத்தில் அந்த பிளாட்டுக்கு உரிய பங்கு, எத்தனை சதுர அடி என்பதை முதலில் பாருங்கள். எல்லா பிளாட்டுகளின் பாகங்களையும் கூட்டினால் மொத்த நிலத்தின் அளவைத் தாண்டுகிறதா என்றும் சரிபாருங்கள். பழைய கட்டடங்கள் சிலவற்றில் மொட்டைமாடிக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் தனியாகப் பாகம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். பின்னால் வரும் சண்டைகள் அங்கேதான் தொடங்கும். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி, மறுகட்டுமானத்துக்கு உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் சம்மதம் போதும். ஆனால் அந்தச் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா, பேச்சில் மட்டும் இருக்கிறதா என்பதைச் சங்கத்தின் கூட்டத் தீர்மானப் புத்தகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பேச்சு மட்டும்தான் என்றால், பல ஆண்டுகள் அந்தப் பழைய கட்டடத்தோடுதான் வாழ வேண்டியிருக்கும். உப்புக்காற்றில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பி, மேல்பூச்சைத் தள்ளிவிடும். புதிதாக அடித்த பெயின்டை நம்பாமல், தரைத்தளத் தூண்களின் அடிப்பகுதியிலும் பால்கனியின் அடிப்புறத்திலும் கம்பியின் போக்கிலேயே நீளும் விரிசல் உண்டா என்று பாருங்கள். இருந்தால், கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துச் சென்று சோதிக்காமல் விலை பேச வேண்டாம்.

கேள்வி: உரிமையாளர் சிங்கப்பூரில் இருக்கிறார்; அவர் சார்பில் விற்க அதிகாரப் பத்திரம் (பவர்) பெற்ற ஏஜென்ட் விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் கிரயப்பத்திரம் பதிவானால்தான் உரிமை மாறும், பவர் பத்திரத்தையே விற்பனையாகக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் முடிந்துவிடும் என்பதால், அவர் உயிருடன் இருப்பதற்கான சான்றைக் கேளுங்கள், அவரிடமே நேரில் பேசுங்கள், பணத்தை அவருடைய வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். விற்பவர் உள்நாட்டில் குடியிருப்பவராக இருந்தால் 50 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள விலைக்கு, வாங்கும் நீங்கள் 1 சதவீதம் வரி பிடித்துச் செலுத்தினால் போதும். வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் அந்தக் கணக்கு செல்லாது. பிடிக்கத் தவறினால் பொறுப்பு உங்களுடையது, ஆகையால் ஆடிட்டரைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

கேள்வி: சென்னையை அடுத்த முடிச்சூர் பக்கம் அங்கீகாரமற்ற மனை ஒன்று, பட்டாவுடன் விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: பட்டா வேறு, மனைப்பிரிவு அங்கீகாரம் வேறு. அங்கீகாரமற்ற மனைகளை முறைப்படுத்த வரம்பாக வைக்கப்பட்ட 2016 அக்டோபர் 20-க்கு முன்பே அந்த மனை விற்பனையாகிப் பதிவானதா, அதை முறைப்படுத்திய வரன்முறை ஆணை உண்டா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். 2015 வெள்ளத்தில் அந்தப் பகுதி பட்ட பாடு தெரிந்ததுதான். தெருக்காரர்களிடம் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள், புலப்பட (நில அளவை வரைபட) நகலில் பக்கத்துச் சர்வே எண் ஓடையா, ஏரியா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: வாடகைதாரர் குடியிருக்கும் வீட்டை அப்படியே வாங்கலாமா?

பதில்: தாராளமாக. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அவர் கொடுத்த அட்வான்ஸை இனி திருப்பித் தர வேண்டியவர் நீங்கள் என்பதால், அந்தத் தொகையை விலையிலேயே கழித்து, கிரயப்பத்திரத்திலும் எழுதிவிடுங்கள்.