எரிமலைக் குகைக்குள் டைவிங்: ஓபன் வாட்டர் அட்டை போதுமா?

கேள்வி: நானும் கணவரும் போன வருடம் ஓபன் வாட்டர் என்ற தொடக்கநிலை டைவிங் பயிற்சி முடித்தோம். ஹவாயின் மாவி தீவுக்குப் போகிறோம். பக்கத்தில் லானாய் தீவின் 'கதீட்ரல்' எரிமலைக் குகைகளுக்குள் அழைத்துப்போவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். "அது குகையே இல்லை, தனிப் பயிற்சி வேண்டாம்" என்கிறார். நம்பலாமா?

பதில்: கடல் அமைதியாக இருந்தால் போகலாம். "குகையே இல்லை" என்பதை மட்டும் நம்பாதீர்கள். தலைக்கு மேல் பாறை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. காற்று தீர்ந்தால் மூச்சை விட்டுக்கொண்டே நேராக மேலே போங்கள் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கூரைக்கு அடியில் அந்த வழி கிடையாது.

உங்கள் அளவில் விதி எளிது. வெளியேறும் வாய் கண்ணுக்குத் தெரிய வேண்டும், இருவரும் அருகருகே நீந்த இடம் வேண்டும், ஆழம் 18 மீட்டரைத் தாண்டக் கூடாது. அங்கே காற்று மேற்பரப்பைவிட 2.8 மடங்கு வேகமாகச் செலவாகும். குகை வாயிலில் சிலிண்டரின் காற்றழுத்தத்தைக் காட்டும் கேஜ் 2400 பி.எஸ்.ஐ. காட்டினால் 800 செலவானதும் திரும்பிவிட வேண்டும். மீதி, திரும்பி வரவும் ஆபத்துக்கும். புளோரிடாவின் நீரடிக் குகைகளில் செத்தவர்களின் கதைகளை அலசி ஷெக் எக்ஸ்லி என்ற குகை டைவர் 1979-இல் எழுதிவைத்த பாடங்களில் இது ஒன்று.

வாய் தெரிந்தால் சரி என்றேன். அதில் ஒரு விலக்கு, இதைத்தான் நன்றாக மனத்தில் வாங்க வேண்டும். வெளிச்சம் தெரிவது வேறு, வாய் தெரிவது வேறு. கதீட்ரலின் கூரையிலும் சுவரிலும் துளைகள் உண்டு. அவற்றின் வழியே வெயில் கம்பி கம்பியாக இறங்கும், எல்லோரும் புகைப்படம் எடுப்பது அதைத்தான். ஆனால் அந்தத் துளைகளில் பல, சிலிண்டரோடு ஓர் ஆள் நுழைய முடியாதவை. பயந்தவர் வெளிச்சத்தைத்தான் நோக்கிப் போவார். அதனால் உள்ளே போகும்போதே எது நாம் வெளியேறும் வாய் என்று வழிகாட்டியிடம் கையால் காட்டச் சொல்லுங்கள். அவர் காட்டாவிட்டால் உள்ளே போகாதீர்கள்.

அடுத்தது அலையிழுப்பு. முதல் கதீட்ரலில் 'ஷாட்கன்' என்றே ஒரு குறுகிய வழி இருக்கிறது. அலை உந்தும்போது ஆளைத் துப்பாக்கிக் குண்டு போல வெளியே தள்ளும். படகில் அதை விளையாட்டாகச் சொல்வார்கள். பாறையில் தலை மோதினால் விளையாட்டு இல்லை. லானாயின் தென்கரைக்குக் கோடையில் தெற்கிலிருந்து பெரிய அலைகள் வரும். அன்று கதீட்ரலை விட்டுவிடுங்கள்.

இனி ஏஜென்ட். மாவியில் ஹோட்டல் வாசலிலும் கடைத்தெருவிலும் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர்களில் பலர் கமிஷனுக்கு விற்பவர்கள். கடலுக்குள் அவர் வரப்போவதில்லை. "காலையில் டைவிங், மாலையில் ஹலேயகலா மலையில் சூரிய அஸ்தமனம்" என்று ஒரே பேக்கேஜாகக்கூடத் தள்ளிவிடுவார்கள். அந்த மலை 3055 மீட்டர். டைவ் செய்த அன்றே அத்தனை உயரம் போனால் உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாகிப் படுக்கவைத்துவிடலாம். மலையை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் பொழுதுபோக்கு டைவிங்குக்கு அரசு உரிமம் என்று ஒன்றே இல்லை. அட்டை கொடுப்பதும் தரம் பார்ப்பதும் தனியார் அமைப்புகள். மூன்று நான்கு நாளில் அட்டை கையில் வந்துவிடும். குகை வாயில் அதை யாரும் சோதிப்பதில்லை. ஆனால் படகில் ஏறும் முன் "எது நடந்தாலும் என் பொறுப்பு" என்று பக்கம் பக்கமாகக் கையெழுத்து வாங்க மட்டும் மறக்க மாட்டார்கள்.

ஏஜென்டை விட்டுவிட்டு டைவிங் கடைக்கே நேரடியாக எழுதுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், உள்ளே போக விரும்பாதவரோடு வெளியே யார் இருப்பார், இந்த இரண்டையும் கேளுங்கள். அந்தக் கையெழுத்துத் தாளையும் முன்கூட்டியே அனுப்பச் சொல்லி, உங்கள் காப்பீட்டு பாலிசியோடு வைத்துப் படியுங்கள். பயிற்சியைத் தாண்டிய டைவிங்குக்குப் பணம் கிடையாது என்ற வரி பல பாலிசிகளில் இருக்கும்.