மெடிக்கல் லைப்ரரியன் ஆக மலேசியாவுல இருந்து ஃபெலோஷிப் கிடைக்குமா?

கேள்வி: கோலாலம்பூர்ல (கேஎல்) ஒரு தனியார் காலேஜ் லைப்ரரியில வேலை பாக்குறேன், மலாயா பல்கலைக்கழகத்துல லைப்ரரி மாஸ்டர்ஸ் முடிச்சாச்சு. மெடிக்கல் லைப்ரரி, ஹெல்த் நாலெட்ஜ் மேனேஜ்மெண்ட் பக்கம் போக ஆசை. எந்த ஃபெலோஷிப்புக்கு அப்ளை பண்ணலாம்?

பதில்:

கிடைக்கும், ஆனா தேடுனதும் முதல்ல வந்து நிக்கிற ஃபெலோஷிப் உங்களுக்கானது இல்ல, அதை முதல்லயே சொல்லிடுறேன். நான் பினாங்குல ஒரு மெடிக்கல் காலேஜ் லைப்ரரியில இருக்கேன், இதே கேள்வியோட வர்ற பிள்ளைங்க எல்லாருமே அமெரிக்காவோட நேஷனல் லைப்ரரி ஆஃப் மெடிசின் பேரைத்தான் சொல்லிட்டு வருவாங்க. பப்மெட்னு மருத்துவக் கட்டுரைங்களைத் தேடுற தளம் நடத்துறாங்களே, மேரிலாந்து பெத்தெஸ்டாவுல, அவங்கதான். அங்க அசோசியேட் ஃபெலோஷிப்னு ஒண்ணு இருக்கு, ஒரு வருஷம் சம்பளத்தோட அங்கேயே உக்காந்து கத்துக்கலாம், பிடிச்சிருந்தா ரெண்டாவது வருஷம் வேற ஒரு மெடிக்கல் லைப்ரரியில. இந்தத் துறையில இதைவிடப் பெரிய பேரு கிடையாது. ஆனா அதுக்கு அமெரிக்க நூலகச் சங்கம் அங்கீகரிச்ச மாஸ்டர்ஸ் வேணும், அதாவது அமெரிக்கா இல்ல கனடாவுல படிச்சிருக்கணும்னு வச்சுக்குங்க. நம்ம மலாயா பல்கலைக்கழக (யூஎம்) டிகிரி அதுல வராது. அதனால அந்தப் பக்கத்தை மூடிட்டு அடுத்ததுக்கு வாங்க.

அடுத்தது மெடிக்கல் லைப்ரரி அசோசியேஷன், 1898ல ஆரம்பிச்ச சங்கம். அவங்க குடுக்குற கன்னிங்ஹாம் ஃபெலோஷிப் நேர் எதிர், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியில இருக்கிற லைப்ரரியன்களுக்குன்னே வச்சது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்து மெடிக்கல் லைப்ரரியில இருந்த ஐலீன் கன்னிங்ஹாம் அம்மா பேர்ல. இது படிப்பு இல்ல, அங்க உள்ள ஹெல்த் லைப்ரரிகளுக்குப் போய், எப்படி வேலை நடக்குதுன்னு கூட இருந்து பாத்து, திரும்பி வந்து நம்ம ஊர்ல செய்யுறது. இடம் ரொம்பக் குறைவு, நிபந்தனையும் அப்பப்ப மாறும், அதனால பழைய நோட்டீஸை நம்பாம அந்தந்த வருஷத்து அறிவிப்பைப் படிங்க. முக்கியமா, இது பெரும்பாலும் ஏற்கனவே ஹெல்த் லைப்ரரியில வேலை பாக்குற ஆளுங்களுக்குத்தான். இங்கதான் நம்ம பிள்ளைங்க பாதிப் பேர் தட்டிப் போயிடுறாங்க, ஏன்னா ஹெல்த் லைப்ரரிக்குள்ள நுழையறதுக்கே ஃபெலோஷிப் வேணும்னு நினைச்சுட்டு இருக்காங்க, அது தலைகீழ்.

இங்கிலாந்து அரசாங்கம் குடுக்குற செவனிங் ஸ்காலர்ஷிப் பத்தியும் கேப்பீங்க. மலேசியர்களுக்கு உண்டு, ரெண்டு வருஷ வேலை அனுபவம் கேப்பாங்க, முடிச்சுட்டு ரெண்டு வருஷம் ஊர்ல இருக்கணும். ஷெஃபீல்டு, யூசிஎல் மாதிரி இடத்துல இன்ஃபர்மேஷன் படிப்பு எடுக்கலாம். நீங்க கேட்ட நாலெட்ஜ் மேனேஜ்மெண்டுக்கு என்னைக் கேட்டா இங்கிலாந்துதான் சரி, அங்க என்எச்எஸ்ங்கிற அரசாங்க ஆஸ்பத்திரிகள்ல லைப்ரரிக்கு நாலெட்ஜ் சர்வீஸ்னே பேர் வச்சு, வார்டுல யாருக்கு எந்த ஆதாரம் எப்ப போய்ச் சேரணும்ங்கிறதை ஒரு தனி வேலையாவே பாக்குறாங்க. அமெரிக்காவுக்குன்னா ஃபுல்பிரைட் ஸ்காலர்ஷிப் இருக்கு, கேஎல்ல மேசின்னு (MACEE) மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆபிஸ் அதைப் பாத்துக்கும். அரசாங்க வேலையில இருந்தா ஜேபிஏவோட (பொதுச் சேவைத் துறை) ஹாடியா லத்திஹான்னு ஒரு படிப்பு உதவி, பாண்ட் போட்டு அனுப்புவாங்க. நீங்க தனியார், அதனால அது இல்ல.

சரி, இப்ப விஷயத்துக்கு வரேன். இந்த எல்லா அப்ளிகேஷன்லயும் சுத்தி வளைச்சு ஒரே கேள்விதான் இருக்கும், டாக்டருங்களோட சேந்து நீங்க என்ன செஞ்சீங்க? கேட்லாக் போட்டேன், ஓரியண்டேஷன் நடத்துனேன், புத்தகக் கண்காட்சி வச்சேன்னு எழுதுனா அது எல்லா லைப்ரரியனும் எழுதுறதுதான். ஒரு சிஸ்டமேட்டிக் ரிவ்யூவுக்கு (ஒரு கேள்விக்கு வந்த ஆராய்ச்சி எல்லாத்தையும் முறையாத் தேடித் தொகுக்கிறது) தேடல் செஞ்சு, அந்த பேப்பர்ல உங்க பேர் வந்திருந்தா அந்த அப்ளிகேஷனை யாரும் ஓரமா வைக்க மாட்டாங்க.

தேடல்னா என்னன்னு ஒரு உதாரணம் சொல்றேன். டெங்கி வந்தா நம்ம வீட்டுல முதல்ல என்ன செய்வாங்க, பப்பாளி இலைச் சாறு. ஒரு டாக்டர் வந்து இதுக்கு ஆதாரம் இருக்கான்னு கேக்குறாருன்னு வைங்க. பப்மெட்ல பப்பாயா, டெங்கின்னு ரெண்டு சொல்லை அடிச்சா கொஞ்சம் வரும், அதோட நிறுத்திட்டா அது கூகுள் பண்ண மாதிரிதான். லைப்ரரியன் என்ன செய்யணும்னா, பப்மெட்டுக்குன்னு மெஷ்னு ஒரு சொல்பட்டியல் இருக்கு, அதுல டெங்கி ஒரு தலைப்பு, அதுக்குக் கீழ சிவியர் டெங்கி, முன்னாடி இதையே டெங்கி ஹெமரேஜிக் ஃபீவர்னு வச்சிருந்தாங்க, பேரை மாத்திட்டாங்க. மேல் தலைப்பைப் போட்டா கீழ் உள்ளதும் சேந்து வரும். ஆனா புதுசா வந்த பேப்பருக்குத் தலைப்பு ஒட்டியிருக்க மாட்டாங்க, அதனால டைட்டில்லயும் அப்ஸ்ட்ராக்ட்லயும் தனியாத் தேடணும், பழைய பேரையும் விடாம. பப்பாளிக்கு காரிக்கா, பாபாவ், பாவ்பாவ், மலாய்ல பெத்திக், எல்லாத்தையும் ஆர் (OR, ஏதாவது ஒண்ணு இருந்தாப் போதும்) போட்டுக் கட்டி, டெங்கிச் சொற்களோட அண்ட் (AND, ரெண்டும் இருக்கணும்) போடணும். அப்புறம் இதையே எம்பேஸ்னு இன்னொரு மருத்துவக் கட்டுரைத் தளத்துல போடணும், அங்க சொல்பட்டியல் வேற. கடைசியில எந்தத் தேதியில எதை அடிச்சு எத்தனை வந்துச்சுன்னு வரி வரியா எழுதி வைக்கணும், பிரிஸ்மா-எஸ்னு 2021ல வந்த வழிகாட்டி கேக்குறது அதைத்தான்.

இப்படித் தேடுனா நம்ம நாட்டு ஆராய்ச்சியே கைக்கு வரும், கிளாங் பெரிய ஆஸ்பத்திரியில 228 நோயாளிங்களை வச்சு செஞ்சு 2013ல வெளியானது, இலைச்சாறு குடிச்சவங்களுக்கு பிளேட்லெட் சீக்கிரம் ஏறுச்சுன்னு. ஆனா பிளேட்லெட் ஏறுறது வேற, ஆள் பிழைக்கிறது வேற, அதைப் பிரிச்சுச் சொல்றது டாக்டர் வேலை, அவர் முன்னாடி எல்லாத்தையும் கொண்டு வந்து வைக்கிறது நம்ம வேலை. (எங்க அம்மா இதை எல்லாம் கேட்டுட்டு, அதான் அப்பவே சொன்னேனேன்னாங்க.)

இதை ஏன் இவ்வளவு நீட்டுறேன்னா, தேடல் தப்புனா உயிரே போகும். 2001ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ஆஸ்துமா ஆராய்ச்சிக்கு ஹெக்ஸாமெத்தோனியம்னு ஒரு மருந்தை சுவாசிக்க வச்சு, நல்லா இருந்த 24 வயசுப் பொண்ணு செத்துப் போச்சு. அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கும்னு 1950கள்ல வந்த கட்டுரைங்க இருந்துச்சு, ஆனா அன்னைக்கு பப்மெட் 1966க்கு அந்தப் பக்கம் போகாது, அவங்க பாத்த இடத்துல அது கண்ணுல படல. இப்ப 1940கள் வரைக்கும் கொஞ்சம் பின்னாடி போகும், அதுக்கும் முன்னாடி போகணும்னா வேற வழிதான் பாக்கணும். அதுக்கு ஒரு உதாரணம், நம்ம கேஎல் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலயே 1905ல ஃபிளெட்சர்னு ஒரு டாக்டர் நோயாளிங்களை வரிசையில நிக்க வச்சு, ஒத்தைப்படை நம்பர் எல்லாம் தீட்டுன சியாம் அரிசி, ரெட்டைப்படை எல்லாம் இந்தியப் புழுங்கல் அரிசின்னு பிரிச்சு, பெரிபெரி (வைட்டமின் பி1 குறைஞ்சா வர்ற நோய்) யாருக்கு வருதுன்னு பாத்தாரு. புழுங்கல் அரிசிக்காரங்க தப்பிச்சாங்க. தோட்டத்துல இருந்த நம்ம ஆளுங்களுக்குப் பெரிபெரி அவ்வளவா வராததுக்கும் அந்த அரிசிதான் காரணம்னு அப்பவே பிராடன்னு இன்னொரு டாக்டர் சொல்லிட்டு இருந்தாரு. ஃபிளெட்சர் எழுதுனது 1907ல லான்செட்ல வந்துச்சு, பப்மெட்டை மட்டும் நம்புனா அந்தக் கட்டுரை சிக்காது. இன்டர்வியூவுல சொல்றதுக்கு இதைவிட நல்ல கதை உங்களுக்குக் கிடைக்காது, அதுவும் நீங்க இருக்கிற ஊர்லயே நடந்தது.

அப்ப எங்க ஆரம்பிக்கிறது? பினாங்குல கோக்ரேன் மலேசியா இருக்கு, சிஸ்டமேட்டிக் ரிவ்யூ செய்யுற உலக அமைப்போட மலேசியக் கிளை, ஆர்சிஎஸ்ஐ யூசிடி மலேசியா கேம்பஸ்ல, முன்னாடி பினாங்கு மெடிக்கல் காலேஜ்னு சொல்வோமே அதுதான், அவங்க ரிவ்யூ ஒர்க்ஷாப் நடத்துவாங்க, கேஎல்ல இருந்து பஸ் ஏறி வர்றது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. கோக்ரேன் ஹேண்ட்புக்ல தேடல் பத்தி நாலாவது அத்தியாயம், ஆன்லைன்ல இலவசமா இருக்கு, அதை முழுசாப் படிச்சுட்டு வாங்க, சும்மா வராதீங்க. பப்மெட் பாடம் நேஷனல் லைப்ரரி ஆஃப் மெடிசின் தளத்துலயே இலவசம். கேஎல்ல யூஎம் மெடிக்கல் லைப்ரரி இருக்கு, அந்த ஃபேக்கல்ட்டியோட முதல் டீன் டி. ஜே. தன்ராஜ் பேர் வச்சது, நம்ம ஆளு, நீங்க யூஎம் பழைய மாணவி வேற, போய்ப் பேசிப் பாருங்க. சுகாதார அமைச்சுல மாதாஸ்னு ஒரு பிரிவு இருக்கு, டாக்டருங்களுக்கான சிகிச்சை வழிகாட்டிங்க (சிபிஜி) எல்லாம் அங்கதான் தயாராகுது, அந்த ரிப்போர்ட்டுங்க பின்னாடி தேடல் எப்படி செஞ்சாங்கன்னு முழுசாப் போட்டிருப்பாங்க. அதுல ஒண்ணை எடுத்து நீங்களே திரும்ப அடிச்சுப் பாருங்க, இதைவிட நல்ல பயிற்சி எந்த ஃபெலோஷிப்லயும் கிடையாதுன்னு நான் நினைக்கிறேன்.

ஒரு இடத்துல பேசும்போது எச்ஆர்ல ஒருத்தர் என்கிட்டயே கேட்டாரு, இப்ப எல்லாம் ஏஐ தேடிக் குடுக்குதே, லைப்ரரியன் எதுக்குன்னு. அது குடுத்த லிஸ்ட்டை வச்சுக்கிட்டு, உலகத்துலயே இல்லாத கட்டுரையைத் தேடி லைப்ரரிக்கு வர்ற ஸ்டூடண்டுங்களை அவர் பாத்ததில்ல போல.

ரெஃபரன்ஸ் லெட்டருக்கு மட்டும் முன்கூட்டியே ஆள் பாத்து வச்சுக்குங்க. செவனிங் ஆகஸ்ட் வாக்குல திறப்பாங்க. டாக்டருங்க எழுதித் தர மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க, ஆனா டிராஃப்ட்டை நீங்களே அடிச்சு, கிளினிக் முடிஞ்சு அவங்க வெளிய வர்ற நேரத்துல கையில குடுத்தாத்தான் நடக்கும், இமெயில் போட்டுட்டு உக்காந்திருந்தா அடுத்த வருஷம்தான்.