நிறுத்தி வைத்த காரில் இரவோடு இரவாக பேட்டரி இறங்கிவிடுகிறது, புதிய பேட்டரி மாற்றியும் தீரவில்லை. எங்கே பார்ப்பது?

பேட்டரி புதியது, ஆல்டர்னேட்டரும் ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றுகிறது என்றால், வண்டி நிற்கும்போது எதுவோ மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள். மேலும் பணம் செலவழிக்கும் முன், இருட்டியதும் காரைப் பூட்டிவிட்டுப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். பிரேக் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. காரின் பின்பகுதி சுவரைப் பார்த்தபடி நிறுத்துபவர்கள் இதைக் கவனிப்பது அரிது.

பிரேக் பெடலின் தண்டுக்கு அருகே, டாஷ்போர்டுக்கு அடியில், ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். நாம் காலை எடுத்திருக்கும்போது பெடல் தண்டு அதன் முனையை உள்ளே அழுத்திப் பிடித்திருப்பதால் விளக்கு அணைந்திருக்கும். மிதித்தால் முனை வெளியே வந்து விளக்கு எரியும். பல கார்களில் அந்த முனை வந்து முட்டும் இடத்தில், தண்டில் உள்ள துளையை அடைத்தபடி, சட்டைப் பொத்தான் அளவில் ரப்பராலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஸ்டாப்பர் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். வெயிலிலும் வயதிலும் இறுகி அது நொறுங்கிப் போனால், சுவிட்சின் முனை துளைக்குள் நுழைந்துவிடும். நாம் எப்போதும் மிதித்துக்கொண்டிருப்பதாகவே கார் எடுத்துக்கொள்ளும். எனக்கு இந்தக் குறை வந்தபோது, பெடலுக்குக் கீழே கால்மிதியில் சிதறிக் கிடந்த பிளாஸ்டிக் துணுக்குகள்தான் காட்டிக்கொடுத்தன.

பெரும்பாலான கார்களில் பிரேக் விளக்குக்குச் சாவி இல்லாமலே மின்சாரம் போகும். 21 வாட் பல்புகள் இரண்டு எரிந்தால் 12 வோல்ட்டில் ஏறத்தாழ மூன்றரை ஆம்பியர் செலவாகும். சிறிய கார்களில் உள்ள 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஓர் இரவுக்குக்கூடத் தாங்காது. பேட்டரியை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: விளக்கு ஓயாமல் எரிந்தால், நீங்கள் உண்மையில் பிரேக் பிடிப்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. ஆகவே இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

சுவிட்சின் முனையை விரலால் அழுத்துங்கள். விளக்கு அணைந்தால் சுவிட்ச் நன்றாகவே இருக்கிறது, ஸ்டாப்பர் மட்டும் போதும். உங்கள் கார் மாடலைச் சொன்னால் உதிரிபாகக் கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதன் காம்பைத் துளைக்குள் செருகி, குறடால் மெல்ல அழுத்தினால் பொருந்திவிடும்; ரப்பராக இருந்தால் சிறிது சோப்புத் தண்ணீர் தடவிக்கொள்ளலாம். கிடைக்கும்வரை, துளைக்குப் பொருத்தமான போல்ட்டின் தலை சுவிட்சைப் பார்க்கும்படி நுழைத்து, மறுபக்கம் நட்டால் இறுக்கினாலும் விளக்கு அணையும். இரவில் மட்டும் பிரேக் விளக்கு பியூஸைக் கழற்றி வைப்பதும் ஒரு வழிதான். ஆனால் அதைத் திரும்பப் போடாமல் சாலையில் இறங்கக் கூடாது.

ஸ்டாப்பர் இல்லாத குறையை மறைக்கச் சுவிட்சைத் திருகி முன்னே தள்ளுவதை மட்டும் செய்ய வேண்டாம். பெடல் முழுதாகத் திரும்பி வராமல் அது தடுத்தால், பிரேக் இலேசாகப் பிடித்தபடியே வண்டி ஓடும். பிரேக் பேட் தேய்வதோடு சக்கரமும் சூடாகும்.