ஈஸ்வரமூலி குடித்தால் பாம்பு விஷம் ஏறாதா?

கேள்வி: டொக்டர், நாங்கள் மட்டக்களப்புப் படுவான்கரையில் வயல் செய்கிறவர்கள். அப்பா விஷகடி வைத்தியம் பார்ப்பவர். வெட்டுக் காலத்தில் பாம்புக்கு முன்காப்பாக ஈஸ்வரமூலி வேர்த் தூளைக் காலையில் வெந்நீரில் கலந்து வீட்டில் எல்லோரும் குடிப்போம். தாவரப் பொருட்கள் பாம்பு விஷத்தை முறிப்பதாக ஆராய்ச்சியே வந்திருக்கிறது என்று கம்பஸில் படிக்கும் தங்கச்சி சொல்கிறாள். அப்படியென்றால் நாங்கள் குடிப்பது சரிதானே?

பதில்: தம்பி, அந்தத் தூளைக் குடிப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

தங்கச்சி சொன்னது பொய்யில்லை. ஈஸ்வரமூலியில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. பாம்பு விஷத்தில் தசையையும் நரம்பு முனையையும் தாக்கும் பொஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதியத்தை அது ஆய்வுகூடத்தில் மட்டுப்படுத்துவது உண்மை. ஆனால் அதே அமிலம் மனிதச் சிறுநீரகத்தை அழிக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்கான மாத்திரைகளில் இதே இனத்தைச் சேர்ந்த மூலிகை ஒன்று கலந்துவிட்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. அவர்களில் பலருக்குப் பின்னர் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. ஆடுதின்னாப்பாளையும் இதே இனம்தான். நம் வயல்களில் அதிகம் கடிக்கும் கண்ணாடி விரியனின் விஷமும் சிறுநீரகத்தைத்தான் தாக்கும். ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்தோடு அந்தக் கடியை வாங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

'இத்தனை வருடமாகக் குடிக்கிறோமே, ஒன்றும் ஆகவில்லையே' என்று கேட்பீர்கள். இந்த அமிலத்தின் ஆபத்தே அதுதான். குடித்த அன்று வயிறுகூடக் கலங்காமல் இருக்கலாம். சிறுநீரகம் மெல்ல மெல்லச் சுருங்கும், வெளியே தெரிய மாதங்களோ வருடங்களோ ஆகும். அதனால்தான் ஒரு மூலிகைச் சாற்றை எலிக்கு ஒரு தடவை கொடுத்து, பதினான்கு நாள் பார்த்து, எலி சாகவில்லை என்று எழுதிவிட்டு 'பாதுகாப்பானது' என முடிக்கும் ஆய்வுகளை நான் நம்புவதில்லை. 28 நாள், 90 நாள் என்று தொடர்ந்து கொடுத்து, ஈரலையும் சிறுநீரகத்தையும் நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். மரபணுவைக் கெடுக்கிறதா என்று பக்டீரியாவிலும் உயிரணுக்களிலும் பார்க்க வேண்டும். செங்குருதிக் கலங்களை உடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்புறம்தான் ஆரோக்கியமான சிலருக்குச் சிறு அளவில் கொடுத்துப் பார்க்கும் கட்டம். அதுவும் வேர்த்தூளாக அல்ல, அளவு நிலையான மருந்தாக. ஒரே செடியின் வேரில் மண்ணையும் பருவத்தையும் பொறுத்துப் பொருளின் அளவு மாறும்.

விஷத்தை முறிக்கிறது என்ற முடிவையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். பல ஆய்வுகளில் விஷத்தையும் சாற்றையும் முதலிலேயே கலந்து வைத்துவிட்டுத்தான் எலிக்கு ஏற்றுகிறார்கள். தேயிலையிலும் கடுக்காயிலும் துவர்ப்பைத் தரும் தனின் எந்தப் புரதத்தோடும் ஒட்டிக்கொள்ளும், விஷத்தோடும் ஒட்டும். சோதனைக் குழாயில் முறிந்தது போலத் தெரியும். ஆனால் வயலில் யாரும் பாம்பின் பல்லில் கஷாயத்தைக் கலந்துவிட்டுக் கடி வாங்குவதில்லை. முதலில் விஷத்தை ஏற்றி, நேரம் விட்டு, பிறகு மருந்தைக் கொடுத்து எலி பிழைக்கிறதா என்று பார்ப்பதே உண்மையான சோதனை.

இந்தத் தேடலே வீண் என்று நான் சொல்லவில்லை. நாம் இப்போது ஏற்றும் விஷமுறி மருந்து இந்தியாவில் குதிரைகளிலிருந்து தயாராவது, அதற்கும் பக்கவிளைவு உண்டு. 2011இல் வெளியான நம் நாட்டு ஆய்வில் அதை ஏற்றிய 1007 பேரில் நான்கில் மூன்று பங்கினருக்கு ஏதோ ஒரு ஒவ்வாமை எதிர்வினை வந்தது. அதை மருத்துவமனையில் கையாள முடியும், முன்கூட்டியே சிறிதளவு அட்ரினலின் கொடுத்தால் கடும் எதிர்வினைகள் குறைவதையும் அதே ஆய்வு காட்டியது. ஆகவே கடித்த இடத்திலேயே கொடுக்கக்கூடிய நல்ல மருந்து வந்தால் முதலில் மகிழ்பவன் நான். வரெஸ்பிளாடிப் என்றொன்றைச் சோதிக்கிறார்கள், அது தாவரத்திலிருந்து வந்ததல்ல. இதய நோயாளிகளுக்கு வாரக்கணக்கில் கொடுத்துப் பார்த்த ஆய்வை 2012இல் நிறுத்திவிட்டார்கள்: பலன் இல்லை, மாரடைப்பும் கூடியது. பாம்புக்கடிக்குச் சில நாள் மட்டும் கொடுப்பது வேறு கதை என்பதால் அதைத் தனியாகச் சோதிக்கிறார்கள்.

அப்பாவிடம் வந்து பிழைத்தவர்கள் இருப்பார்கள், அதை நான் மறுக்கவில்லை. கடித்தவற்றில் பல விஷமில்லாத பாம்புகள். விஷப்பாம்பும் சில கடிகளில் விஷம் இறக்குவதில்லை. அவர்கள் எதைக் குடித்தாலும் பிழைத்திருப்பார்கள். எண்ணெய் விரியன் (கட்டுவிரியன்) கடித்தவரின் நிலை வேறு. இமை சரியும், விழுங்க முடியாது. அந்த நேரத்தில் வாயில் ஊற்றும் கஷாயம், அது எவ்வளவு நல்ல மூலிகையானாலும், நுரையீரலுக்குள் போகும்.

அப்பாவுக்கு ஊரில் உள்ள மரியாதையை இப்படிப் பயன்படுத்தச் சொல்லுங்கள். கடிபட்டவர் வந்தால் மோதிரம், காப்பைக் கழற்றி, கடித்த கையையோ காலையோ அசையாமல் வைத்து, உடனே 1990 அம்புலன்ஸை அழைக்கட்டும். கயிறு கட்டுவதும் கீறுவதும் வேண்டாம், வாயால் எதுவும் கொடுக்கவும் வேண்டாம். அவர் சொன்னால் ஊர் கேட்கும், நாங்கள் சொல்வதைவிட.

நீங்கள் வெட்டுக்குச் சப்பாத்தோடு போங்கள், இரவில் ரோச் இல்லாமல் வரம்பில் நடக்காதீர்கள், வாடியில் வெறுந்தரையில் படுக்காதீர்கள். தூள் குடித்த எல்லோரும் பக்கத்து வைத்தியசாலையில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினை இரத்தத்திலும், கூடவே சிறுநீரையும் சோதித்துக்கொள்ளுங்கள். எத்தனை வருடம் குடித்தீர்கள் என்பதை அங்கே மறைக்காமல் சொல்லுங்கள். சிறுநீரில் இரத்தம் கண்டால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.