பஃபரில் எவ்வளவு இடம் காலி? சாயங்காலம் பார்த்தால்தான் தெரியும்

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஸ்டாக், பில்லிங் எல்லாம் இருக்கும் டிஸ்க்கை டிஆர்பிடி (ஒரு சர்வரின் டிஸ்க்கில் எழுதுவதை நெட்வொர்க் வழியே இன்னொரு சர்வரிலும் எழுதிவைக்கும் லினக்ஸ் மென்பொருள்) மூலம் வேலூர் சத்துவாச்சாரி அலுவலகத்துக்கு ரெப்ளிகேஷன் செய்கிறோம். புரோட்டோகால் ஏ, 100 எம்பிபிஎஸ் லைன். பகலெல்லாம் நன்றாக ஓடுகிறது. மாலை ஐந்தரைக்கு மேல் பில் போடுகிறவர்களுக்கு ஸ்கிரீன் அப்படியே நின்றுவிடுகிறது. பஃபரில் எவ்வளவு இடம் மிச்சம் என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: நீங்கள் சந்தேகப்படுவது சரியான இடத்தைத்தான். புரோட்டோகால் ஏ-வில் ஒரு ரைட் எப்போது முடிந்ததாகக் கணக்கு? உங்கள் டிஸ்க்கில் எழுதியாகி, வேலூருக்குப் போகவேண்டிய பாக்கெட் உங்கள் சர்வரின் டிசிபி அனுப்பும் பஃபருக்குள், அதாவது லைனில் போகும்வரை தரவு காத்திருக்கும் நினைவகத்துக்குள், விழுந்ததும். அங்கே இடமில்லை என்றால் பாக்கெட் வாசலில் நிற்கும். அது நிற்கிறவரை பில் போடுகிறவரும் நிற்பார்.

பார்க்கும் வழி எளிது. ராணிப்பேட்டை சர்வரில், நெட்வொர்க் இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையை டி, என், எம் ஆகிய மூன்று தெரிவுகளோடு ஓட்டுங்கள். உங்கள் கான்ஃபிக் ஃபைலில் உள்ள போர்ட், பெரும்பாலும் 7789, இரண்டு வரிகளில் தெரியும். சில நேரம் அது நம் பக்கமும் சில நேரம் எதிர்ப்பக்கமும் இருக்கும், குழம்ப வேண்டாம். டிஆர்பிடி எப்போதும் இரண்டு இணைப்பு வைத்துக்கொள்ளும்: ஒன்று தரவுக்கு, மற்றது ஒப்புகைக்கு. சென்ட்-கியூ (எதிர்ப்பக்கம் இன்னும் பெற்றுக்கொள்ளாத பைட்) எண் பெரிதாக ஏறி இறங்குவதுதான் தரவு இணைப்பு. அதன் கீழே எஸ்கேமெம் என்ற அடைப்புக்குள் டிபி என்று ஓர் எண், டபிள்யூ என்று ஓர் எண் இருக்கும். டிபி பஃபரின் அளவு, டபிள்யூ இப்போது பிடித்திருக்கும் இடம். டிபி 4194304, டபிள்யூ 3980160 என்று காட்டினால் மிச்சம் 214144 பைட். கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது என்று அர்த்தம். டபிள்யூவில் கெர்னலின் சொந்தச் செலவும் சேர்ந்திருக்கும், அதனால் உண்மையில் உங்கள் தரவுக்குக் கிடைக்கும் இடம் இன்னும் குறைவு.

இங்கே ஒரு விஷயம் பலரை ஏமாற்றும். டிஆர்பிடி கான்ஃபிக்கில் இந்த பஃபரின் அளவைச் சொல்லும் சென்ட்பஃப்பை 0 என்று விட்டிருந்தால் லினக்ஸ் தானே அளவைக் கூட்டிக் குறைக்கும். காலையில் பார்த்தால் டிபி சின்னதாக இருக்கும், 'இடமே இல்லையே' என்று பதறுவோம். டிசிபி டபிள்யூமெம் என்ற கெர்னல் அமைப்பில் மூன்று எண்கள் இருக்கும், மூன்றாவதுதான் உச்சவரம்பு. பல சர்வர்களில் அது 4 எம்பி. டபிள்யூவை அதிலிருந்து கழித்துத்தான் மிச்ச இடத்தைச் சொல்ல வேண்டும்.

டிஆர்பிடி 9 என்றால் இன்னும் சுருக்கமான வழி உண்டு. ஸ்டேட்டஸ் கட்டளையைப் புள்ளிவிவரம் காட்டும் தெரிவோடு ஓட்டினால் கன்ஜெஸ்டட் (நெரிசல்) என்று ஒரு சொல் வரும். பஃபர் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பினால் அது 'யெஸ்' ஆகும்.

சரி, நிரம்புகிறது என்று தெரிந்துவிட்டது. உடனே பஃபரைப் பெரிதாக்கலாமா? முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். 100 எம்பிபிஎஸ் லைனில் நொடிக்கு 12.5 எம்பிக்கு மேல் போகாது. வேலூருக்குப் போய்வர 5 மில்லி நொடி என்று வைத்துக்கொண்டால், லைனை நிரப்பி வைக்க 62.5 கேபி போதும். மீதி எல்லாம் வரிசையில் நிற்கும் இடம்தான். மாலையில் நொடிக்கு 20 எம்பி எழுதப்படுகிறது என்றால் 7.5 எம்பி மிஞ்சும். 4 எம்பி பஃபர் அரை நொடியில் நிரம்பிவிடும். பத்து நிமிடம் அப்படியே எழுதினால் 4.5 ஜிபி தேங்கும். எந்த டிசிபி பஃபரும் அதைத் தாங்காது.

காவேரிப்பாக்கம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்து அதிகம், மதகு சின்னது என்றால் கரையை ஓர் அடி உயர்த்துவது கொஞ்ச நேரத்துக்குத்தான் உதவும். கலங்கல் வேண்டும். டிஆர்பிடியில் அந்தக் கலங்கலுக்குப் பெயர் புல்-அஹெட். கன்ஜெஷன்-ஃபில் அளவை பஃபரில் 90 சதவீதம் என்று வையுங்கள். அதைத் தாண்டினால் டிஆர்பிடி அனுப்புவதை நிறுத்திவிட்டு, மாறிய பிளாக்குகளை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளும். நெரிசல் தணிந்ததும் அனுப்பும். கலங்கலில் போன தண்ணீர் திரும்பாது, இது திரும்பும். ஆனால் எழுதிய வரிசையில் திரும்பாது. அந்தச் சமயம் முழுக்க வேலூர் நகல் நம்பத் தகாதது. அதனால் விட்டுப்போன பிளாக்குகளை அனுப்பும் மறு ஒத்திசைவு தொடங்கும் முன் அங்கே ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டிஸ்க் நிலையின் பதிவு) எடுக்க ஏற்பாடு செய்யாமல் புல்-அஹெட்டைப் போடாதீர்கள். இதை நான் மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன்.

பஃபரைப் பெரிதாக்க எனக்கு மனம் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ராணிப்பேட்டை சர்வர் திடீரென்று செத்தால் பஃபருக்குள் இருப்பது வேலூருக்குப் போய்ச் சேராது. அந்த பில்களை 'முடிந்தது' என்று உங்கள் ஆட்களிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று.

வாலாஜாவில் ஓர் அலுவலகத்தில் இதே புகாருக்காகப் போய் இரண்டு நாள் பஃபரை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால், மாலை ஆறு மணிக்கு கேமரா பதிவுகளை அதே டிஸ்க்கில் கொண்டுவந்து கொட்டும் ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானே ஓடுவது). அதை வேறு டிஸ்க்குக்கு மாற்றியதும் புகார் நின்றது.

அதனால் நாளை ஐந்தேகாலுக்கே உட்காருங்கள். ஒரு திரையில் எஸ்எஸ்ஸை நொடிக்கு ஒரு தடவை ஓடவிடுங்கள், இன்னொன்றில் டிஸ்க்கில் எழுதும் வேகத்தைக் காட்டும் ஐயோஸ்டாட். ஏழு மணி வரை இரண்டையும் ஃபைலில் சேமியுங்கள். டபிள்யூ உச்சத்தில் எத்தனை நொடி நிற்கிறது, அப்போது டிஸ்க்கில் நொடிக்கு எத்தனை எம்பி எழுதப்படுகிறது, எழுதுவது எந்த புரோகிராம் (இதை ஐயோஸ்டாட் காட்டாது, ஐயோடாப் காட்டும்) என்று பாருங்கள். ஓரிரு நொடி மட்டும் முட்டி இறங்கினால் சென்ட்பஃபைக் கொஞ்சம் கூட்டுங்கள். நிமிடக்கணக்கில் நின்றால் அந்த புரோகிராமை இரவுக்குத் தள்ளுங்கள். அது முடியாது என்றால்தான் புல்-அஹெட்டும் பெரிய லைனும்.