கூலன்ட் சென்சாரை வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

கேள்வி: என் காரில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. எஞ்சின் சூடாவதற்கு முன்பே ரேடியேட்டர் விசிறி ஓடத் தொடங்கிவிடுகிறது. பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகிறது. ஸ்கேனரில் பி0118 (P0118) என்ற பிழைக்குறியைப் பார்த்த மெக்கானிக், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை சென்சாரை மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றிவிடலாமா? விலை குறைந்த சென்சாரை வாங்கினால் போதுமா?

பதில்: சோதித்துப் பார்க்காமல் மாற்ற வேண்டாம். பி0118 என்பது சென்சாரின் மின்சுற்றில் மின்னழுத்தம் இருக்க வேண்டியதைவிட அதிகமாக உள்ளது என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. சென்சாரின் உட்பகுதி அறுந்திருந்தாலும், வயர் துண்டித்திருந்தாலும், கனெக்டரின் முனையில் களிம்பு ஏறியிருந்தாலும் இதே குறிதான் வரும். ஆகவே முதலில் கனெக்டரைக் கழற்றி, உள்ளே பச்சை படிந்திருக்கிறதா, முனை வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, கனெக்டர் கழன்ற நிலையில் சாவியைத் திருப்பி ஸ்கேனரைப் பார்த்தால், பெரும்பாலான கார்களில் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் என்று காட்டும். இரண்டு முனை கொண்ட சென்சாராக இருந்து, வயரிங் வரைபடத்தில் சரிபார்த்த பிறகு, கனெக்டரின் அந்த இரு முனைகளையும் ஒரு சிறு வயரால் இணைத்தால், அளவு 100 டிகிரியைத் தாண்டி வெகுவாக உயர வேண்டும். உயர்ந்தால் வயரிங்கும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியும் நலமாக உள்ளன, பழுது சென்சாரில்தான். அளவு அசையவில்லையென்றால் புதிய சென்சாருக்குக் கொடுக்கும் பணம் வீண். பழுதை முதலில் வயரிங்கில்தான் தேட வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பாகத்தை விற்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

சென்சாரை மல்டிமீட்டரிலும் அளக்கலாம். சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும்; பல கார்களில் 20 டிகிரியில் ஏறத்தாழ 2,000 முதல் 3,000 ஓம், 80 டிகிரியில் 200 முதல் 400 ஓம் வரை இருக்கும். உங்கள் காருக்குரிய துல்லியமான அளவைச் சேவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சென்சாரின் நுனியை நீரில் வைத்து மெல்லச் சூடாக்கும்போது அளவு இடையில் குதிக்காமல் சீராக இறங்க வேண்டும்.

விலை குறைந்தது என்பதற்காக மட்டும் ஒன்றை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் வடிவமும் மரையும் ஒத்திருந்தாலும் உள்ளே மின்தடை மாறும் விதம் வேறாக இருக்கக்கூடும், அப்போது எஞ்சின் கணினி தவறான வெப்பநிலையை நம்பி எரிபொருளைக் கணக்கிடும். பாக எண்ணை வண்டியின் அடையாள எண்ணைக் கொண்டு உறுதி செய்யுங்கள். சில கார்களில் டாஷ்போர்டு முள்ளுக்கென ஒன்று, கணினிக்கென ஒன்று என இரண்டு சென்சார்கள் உண்டு என்பதால் எது வேண்டும் என்றும் கேளுங்கள். மின்பாகங்களைத் திரும்பப் பெற மறுக்கும் கடைகள் உண்டு. எனவே திருப்பித் தரும் நிபந்தனையைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். பொருத்தும் முன் புதியதையும் மல்டிமீட்டரில் அளந்து காட்டச் சொல்லலாம்.

மாற்றும் வேலை எஞ்சின் முழுதாகக் குளிர்ந்த பிறகே நடக்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் பீறிட்டு உடலைச் சுட்டுவிடும். புதிய வாஷர் அல்லது ஓ-ரிங்கைப் போட்டு, சிந்திய அளவுக்கு அதே வகைக் கூலன்டை ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். சென்சாரைச் சுற்றிக் காற்றுக்குமிழி நின்றுவிட்டால் புதிய பாகமும் தவறாகவே காட்டும். பிழைக்குறியை அழித்த மறுநாள், இரவு முழுதும் நின்ற வண்டியைக் கிளப்பாமல் ஸ்கேனரில் பாருங்கள்: கூலன்ட் வெப்பநிலையும் எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் வெப்பநிலையும் சில டிகிரி வித்தியாசத்துக்குள் இருந்தால் வேலை சரியாக முடிந்திருக்கிறது.